பழைய சிறு காரில் மாற்று எஞ்சின்: அறிகுறியிலிருந்து பிழையைத் தேடும் வழிமுறை

பழைய சிறு காரின் வார்ப்பிரும்பு எஞ்சினை இறக்கிவிட்டு எடை குறைந்த அலுமினிய எஞ்சின் ஒன்றை ஏற்றியவர்களுக்கு, புது எஞ்சின் முதன்முறையாக உறுமும் அந்த மாலையில் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். அடுத்த ஆறு மாதங்களில் வரப்போகும் பிழைகளின் பட்டியல் அன்றுதான் எழுதப்படத் தொடங்குகிறது. இந்தப் பிழைகளை ஆராயும்போது ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி நேரம் மிச்சமாகும்: எஞ்சின் தன் பழைய காரில் ஒழுங்காக ஓடியது, காரும் தன் பழைய எஞ்சினோடு ஒழுங்காக ஓடியது, ஆகவே பிழை பெரும்பாலும் இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் இருக்கும். சம்பந்தம் செய்த இரு வீட்டாரும் தனித்தனியே நல்லவர்களாக இருப்பதும், பந்தியில் சண்டை வருவதும் நாம் அறியாததல்ல. எர்த் இணைப்பு, எரிபொருள் குழாய், ரேடியேட்டர் ஹோஸ், கிளட்ச் ஹவுசிங், புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) ஆகிய ஐந்து சந்திப்புகளையும் பார்த்து முடிக்கும் வரை எஞ்சினின் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மூடும் மேல்பாகத்தை, கழற்ற வேண்டாம்.

இங்கே சொல்லப்படுபவை முன்புறம் நீளவாக்கில் எஞ்சினும் பின்சக்கர இயக்கமும் கொண்ட காரை மையமாக வைத்தவை. நான் வேலை செய்தது 1960களின் மாரிஸ் மைனர் ஒன்றில். ஏற்றியது சுசுகியின் ஜி வரிசையைச் சேர்ந்த 1298 சி.சி. அலுமினிய எஞ்சின். மினியைப் போல எஞ்சின் குறுக்காக அமர்ந்து, கியர்பாக்ஸ் அதன் ஆயில் சம்ப்புக்குள்ளேயே (அடியில் உள்ள ஆயில் தொட்டிக்குள்) இருக்கும் கார்களுக்கு ஷாஃப்ட் பற்றிய பகுதி பொருந்தாது. பியட் 500இல் பியட் 126இன் காற்றுக்குளிர்வு எஞ்சினை ஏற்றியவர்களுக்கு ரேடியேட்டர் தொல்லையே இல்லை. அவர்கள் மின்சாரம், எரிபொருள் பகுதிகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கையில் ஒரு மல்டிமீட்டர், எரிபொருள் அழுத்தமானி, அகச்சிவப்பு வெப்பமானி, கோணம் அளக்கும் கருவி, காரைத் தாங்கும் உறுதியான ஸ்டாண்டுகள், தீயணைப்பான் ஆகியவை இருக்கட்டும். கோணமானிக்குக் கைப்பேசியே போதும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, அதை நோட்டில் எழுதிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஒரே நாளில் மூன்று பாகங்களை மாற்றியவருக்குப் பிழை போனாலும் அது எதனால் போனது என்று தெரியாது, திரும்பி வந்தால் எங்கே தேடுவது என்றும் தெரியாது.

சாவியைத் திருப்பினால் "டக்" என்ற ஓசை மட்டும் வருகிறது, அல்லது எஞ்சின் சோம்பலாகச் சுற்றுகிறது

பேட்டரியை மாற்றுவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள். எஞ்சின் ரப்பர் மௌன்டிங்குகளின் மேல் அமர்ந்திருப்பதால் அதற்கும் பாடிக்கும் இடையே உலோகத் தொடர்பு தானாக ஏற்படுவதில்லை. தடித்த எர்த் பட்டை ஒன்று அந்த வேலையைச் செய்ய வேண்டும். எஞ்சினை இறக்கும்போது பழைய பட்டை அதனோடு போய்விடும், ஏற்றும்போது யாருக்கும் அது நினைவுக்கு வராது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் அப்போது கிடைத்த வழியில் திரும்பப் பார்க்கும். என் காரில் அது கிடைத்த வழி ஆக்சிலரேட்டர் கேபிள். நான்காவது முறை சாவியைத் திருப்பியபோது கேபிளின் கறுப்பு உறை பளபளவென்று மின்னி, இரண்டு இடங்களில் கொப்பளம் போலப் புடைத்திருந்தது. தொட்டால் விரல் சுட்டது. ஆக்சிலரேட்டர் கேபிளோ சோக் கேபிளோ சூடாகிறது என்றால் வேறு சோதனையே தேவையில்லை.

சோதித்துத்தான் உறுதி செய்ய வேண்டும் என்றால், மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி. அளவில் வைத்து, ஒரு முள்ளைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றொன்றை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை, 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதியாக அடுத்ததற்குப் போகலாம். பெயின்ட்டின் மேல் போல்ட் போட்டு முறுக்கிய எர்த் பட்டை பார்வைக்கு அழகாக இருக்கும், மின்சாரத்தைக் கடத்தாது. அந்த இடத்தை உலோகம் தெரியும் வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, அதன் பிறகு கிரீஸ் தடவுங்கள்.

இதனோடு சேர்ந்த இன்னொரு கண்ணி பேட்டரியின் முனை. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில், மைனர் உட்பட, பேட்டரியின் நேர்முனைதான் பாடியோடு இணைக்கப்பட்டிருந்தது. புது எஞ்சினின் ஆல்டர்னேட்டரும் ஈசியுவும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) எதிர்முனை எர்த்தை எதிர்பார்ப்பவை. முனை மாறினால் ஒரு நொடியில் கருகிவிடும். ஆகவே முதலில் காரின் முனையை மாற்ற வேண்டும், எஞ்சின் வயரிங்கை அதன் பிறகுதான் இணைக்க வேண்டும். விளக்குகளுக்கும் ஹாரனுக்கும் முனை எதுவானாலும் கவலை இல்லை. நிலைக்காந்தம் வைத்த மோட்டார்கள் மட்டும் தலைகீழாகச் சுற்றும். ஹீட்டரின் விசிறி முன்புபோல் காற்றுத் தரவில்லை என்றால் அதைப் பழுதென்று எண்ணிவிடாமல் அதன் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிப் பாருங்கள்.

பிடிக்கிறது, உடனே அணைந்துவிடுகிறது

எத்தனை நொடியில் அணைகிறது என்பதைக் கவனியுங்கள். செல்ஃப் அடிக்கும் வரை ஓடி, சாவியை விட்டதும் அதே கணத்தில் அணைகிறது என்றால், ஓட்ட நிலையில் இக்னிஷன் ஸ்விட்சிலிருந்து மின்சாரம் போகவில்லை என்று பொருள். சில பழைய கார்களில் இக்னிஷன் காயிலுக்கு (தீப்பொறிக்கான உயர் வோல்டேஜைத் தரும் பாகம்) போகும் வயரிலேயே மின்தடை சேர்க்கப்பட்டிருக்கும்; செல்ஃப் அடிக்கும்போது மட்டும் அது விலக்கப்பட்டு முழு வோல்டேஜ் கிடைக்கும், சாவியை விட்டதும் வோல்டேஜ் இறங்கிவிடும். பழைய காயிலுக்கு அது போதுமானது, ஈசியுவுக்குப் போதாது. ஐம்பது ஆண்டு வயதான ஸ்விட்சின் தேய்ந்த முனைகள் வழியாக ஈசியு, இன்ஜெக்டர், எரிபொருள் பம்ப் எல்லாவற்றுக்கும் மின்சாரம் எடுப்பதும் சரியல்ல. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த புது வயர் ஒன்றை ரிலேக்குக் கொண்டுவந்து, பழைய இக்னிஷன் வயரை அந்த ரிலேயைத் தூண்டுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். தடை சேர்த்த வயரை அதற்கும் பயன்படுத்த வேண்டாம். குறைந்த வோல்டேஜில் ரிலே படபடக்கும்.

நன்றாகப் பிடித்து, ஒன்றிரண்டு நொடிகள் சீராக ஓடி, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே நேரத்தில் அணைகிறது என்றால் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டைச் சந்தேகியுங்கள். எஞ்சின் வந்த காரின் சாவியில் இருந்த சிப்பை ஈசியு தேடுகிறது. அது கிடைக்காததால் இன்ஜெக்டர்களை நிறுத்திவிடுகிறது. ஈசியுவோடு சேர்த்து அந்தச் சாவியையும், சாவித்துளையைச் சுற்றியிருக்கும் வளையத்தையும், இம்மொபிலைசர் பெட்டியையும் முன்பே வாங்கி வைத்தவர்கள் புத்திசாலிகள். வாங்காதவர்களுக்கு ஈசியுவில் அந்தப் பூட்டை நீக்கச் செய்வது அல்லது நிரல் எழுதக்கூடிய வேறு ஈசியுவைப் பொருத்துவது என இரண்டு வழிகள் உண்டு.

சாலையில் ஓடும்போது ஒன்றும் இல்லை, நிறுத்தத்துக்கு வரும்போது மட்டும் அணைகிறது என்றால் கதை வேறு. பல ஈசியுக்கள் காரின் வேகத்தைச் சொல்லும் சென்சாரை வைத்து ஐடிலை (ஆக்சிலரேட்டர் மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை) கட்டுப்படுத்துகின்றன. பழைய காரில் ஸ்பீடோமீட்டர் கேபிளில் ஓடும், அந்தச் சென்சாருக்கு இடமே இருக்காது. கார் நின்றுகொண்டிருப்பதாக நம்பும் ஈசியு, உருண்டு வரும்போது தரவேண்டிய கூடுதல் காற்றைத் தராமல் விட்டுவிடும். ஐடில் தாறுமாறாக ஏறி இறங்குகிறது என்றால், இன்டேக் பக்கம் அடைக்காமல் விட்ட வாக்குவம் குழாய் எதுவும் காற்றை உறிஞ்சுகிறதா என்று பாருங்கள். பிரேக் பூஸ்டர் இல்லாத பழைய காரில் அதற்குரிய பெரிய குழாய்தான் பெரும்பாலும் திறந்து கிடக்கும்.

பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு திணறுகிறது

இது எரிபொருள் ஓட்டத்தின் குறை. கார்புரேட்டருக்கான பழைய பம்ப் 0.2 முதல் 0.3 பார் வரைதான் தரும். இன்ஜெக்ஷன் எஞ்சினுக்கு ஏறத்தாழ 3 பார் தேவை. அழுத்தமானியை இன்ஜெக்டர் குழாயில் இணைத்து, ஐடிலிலும், திணறல் வரும் நேரத்திலும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திணறல் வளைவிலோ, ஏற்றத்திலோ, டேங்க் ஏறத்தாழ காலியாகும்போதோ மட்டும் வருகிறது என்றால், பழைய டேங்கில் தடுப்புகள் இல்லாததால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. கார்புரேட்டரின் மிதவை அறையில் கொஞ்சம் பெட்ரோல் எப்போதும் தேங்கி நிற்கும் என்பதால் பழைய எஞ்சின் இதைப் பொறுத்துக்கொண்டது. இன்ஜெக்டருக்கு அந்தச் சேமிப்பு இல்லை. ஒன்றிரண்டு லிட்டர் கொள்ளும் சிறு தொட்டி ஒன்றை இடையில் வைத்து, குறைந்த அழுத்தப் பம்ப் அதை நிரப்பவும், உயர் அழுத்தப் பம்ப் அதன் அடியிலிருந்து எடுக்கவும், எஞ்சினிலிருந்து மிஞ்சி வரும் பெட்ரோல் மறுபடி அதற்கே திரும்பவும் செய்வதே நிலையான தீர்வு.

நேர்ச்சாலையிலும் சரியாகப் பத்து இருபது நிமிடத்தில் திணறி, சற்று நிறுத்தி வைத்தால் மறுபடி ஓடுகிறது என்றால், டேங்க் மூடியைத் திறங்கள். "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே போகும் ஓசை கேட்டால், மூடியில் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது அல்லது துளை இல்லாத மூடியை யாரோ போட்டிருக்கிறார்கள். இதைவிடச் செலவு குறைந்த பழுது இந்த வேலை முழுவதிலும் இல்லை.

ஒரு எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கார்புரேட்டர் காலத்து ரப்பர் ஹோஸையும் திருகு கிளிப்பையும் 3 பார் அழுத்தத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. இன்ஜெக்ஷனுக்கென்று முத்திரையிட்ட ஹோஸும், ஹோஸை வெட்டாத முழுச்சுற்றுக் கிளிப்பும் வேண்டும். எஞ்சின் அணைந்தால் பம்ப் தானாக நிற்க வேண்டும், மோதினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச் ஒன்றும் இருக்க வேண்டும். சைலன்சர் குழாய்க்கு மேலே கசியும் ஒரு சொட்டுக்கு இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

சூடேறுகிறது

எப்போது சூடேறுகிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்தால் பாதித் தீர்வு கிடைத்ததுபோல. நெரிசலில் நின்றால் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்குகிறது என்றால் ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை. ஓட ஓட ஏறுகிறது என்றால் ரேடியேட்டரின் கொள்ளளவு போதவில்லை, அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சலில் சப்பிப்போய் நீரோட்டத்தைத் தடுக்கிறது. குளிர்ந்த எஞ்சின் ஐந்தே நிமிடத்தில் உச்சிக்குப் போகிறது என்றால் உள்ளே காற்று அடைபட்டிருக்கலாம்; ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே உள்ள ஹெட் கேஸ்கெட்டைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும்.

காற்றின் குறையைக் காணக் காகிதம் ஒன்று போதும். மின்விசிறி ஓடும்போது ரேடியேட்டரின் முன்பக்கத்தில் காகிதத்தை வையுங்கள்: ஒட்டிக்கொண்டு நின்றால் விசிறி சரியான திசையில் இழுக்கிறது, பறந்து விழுந்தால் எதிர்த்திசையில் சுற்றுகிறது. எதிர்த்திசையில் சுற்றும் விசிறி நின்ற காரில் ஓரளவு காற்றைத் தரும், ஓடும் காரில் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டும், அதனால் பிழை சாலையில் மட்டும் தெரியும். விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உறை இல்லாவிட்டால் விசிறியின் வட்டத்துக்கு வெளியே உள்ள பகுதி வெறுமனே நிற்கிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

காற்று அடைபடுவதுதான் மாற்று எஞ்சின்களுக்கே உரிய தனி நோய். எஞ்சின் தன் பழைய காரில் ரேடியேட்டர் மூடியைவிடத் தாழ்வாக இருந்திருக்கும்; சிறு காரின் தாழ்ந்த ரேடியேட்டரோடு சேரும்போது ஹெட்டின் உச்சி மூடியைவிட உயர்ந்துவிடுகிறது. காற்று எப்போதும் உயரமான இடத்தைத் தேடிப் போகும், இங்கே அந்த இடம் ஹெட்டுக்குள். என் காரில் மீட்டர் 70 டிகிரியில் அமைதியாக நின்றுகொண்டிருந்தபோதே மேல் ஹோஸின் கிளிப்பிலிருந்து நீராவி சீறியது. வெப்பச் சென்சாரின் முனை நீரில் மூழ்காமல் நீராவிக் குமிழுக்குள் இருந்ததால் அது உண்மையைச் சொல்லவில்லை. அகச்சிவப்பு வெப்பமானியை ஹெட்டின் மேல் காட்டிய பிறகுதான் நடப்பது புரிந்தது. அன்றிலிருந்து மீட்டரை மட்டும் நம்பும் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

இதற்கான தீர்வு, காரின் மிக உயரமான இடத்தில், பெரும்பாலும் பானட்டுக்கு அடியில் டேஷ் சுவரை ஒட்டி, அழுத்தம் தாங்கும் தனித் தொட்டி ஒன்றை வைப்பது. ஹெட்டின் உச்சியிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று அதற்கு ஏற வேண்டும், அதன் அடியிலிருந்து தடித்த குழாய் ஒன்று வாட்டர் பம்ப்பின் உறிஞ்சு பக்கத்துக்கு இறங்க வேண்டும். மூடி அந்தத் தொட்டியில் இருக்கட்டும். ரேடியேட்டரின் வாயை அழுத்தம் விடாத வெறும் மூடியால் அடைத்துவிடுங்கள். தெர்மோஸ்டாட்டின் (நீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) விளிம்பில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டு, அந்தத் துளை மேலே வரும்படி பொருத்தினால் நிரப்பும்போதே காற்று வெளியேறும்.

ஹீட்டர் தேவையில்லை என்று அதன் இரண்டு முனைகளையும் அடைத்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது நீர் சுற்றி வருவதற்கு ஹீட்டர் வழிதான் உண்டு. அதை அடைத்தால் தெர்மோஸ்டாட்டின் முனைக்கு வெந்நீர் வந்து சேராது, அது திறக்காது. ஹெட் கொதிக்கும், ரேடியேட்டர் கையில் சில்லென்று இருக்கும். இரண்டு முனைகளையும் ஒரு ஹோஸால் இணைத்துவிட்டால் போதும்.

மூடியின் அழுத்தத்திலும் கவனம் வேண்டும். பழைய ரேடியேட்டர்கள் பல 7 பிஎஸ்ஐ (ஏறத்தாழ 0.5 பார்) அளவு மூடிக்கென்று செய்யப்பட்டவை. புது எஞ்சினோடு வரும் மூடி அதன் இருமடங்கு அழுத்தத்தைத் தாங்கும். அதை அப்படியே மாட்டினால் ஈயப்பற்று வைத்த பழைய மேல்தொட்டியோ, அதைவிட மோசமாக, காருக்குள் இருக்கும் ஹீட்டரோ வாய் பிளந்துவிடும். அலுமினிய எஞ்சினில் வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டுவதும் கூடாது. துருத்தடுப்பு சேர்ந்த கூலன்ட் இல்லாவிட்டால் ஹெட்டின் நீர்வழிகள் உள்ளுக்குள் அரித்துப்போகும்.

அதிர்கிறது

அதிர்வைத் தேடும்போது கைக்கு முதலில் வேலை தராமல் காதுக்குத் தாருங்கள். காலியான நேர்ச்சாலையில், அதிர்வு வரும் வேகத்தைக் குறித்துக்கொண்டு, அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். எஞ்சின் சுழற்சி மாறியும் அதே வேகத்தில் அதே அதிர்வு வந்தால், குறை கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது: ஷாஃப்ட், ஜாயின்ட், சக்கரம். எந்தக் கியரிலும் ஒரே எஞ்சின் சுழற்சியில் வந்தால் குறை முன்னால் இருக்கிறது: மௌன்டிங், ஃபிளைவீல், கிளட்ச், அல்லது பாடியில் உரசும் சைலன்சர் குழாய். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் அதே சுழற்சிக்கு ஏற்றினால் இதை உறுதி செய்யலாம்.

பின்புற அதிர்வு என்று தெரிந்ததும் எல்லாரும் ஷாஃப்டைச் சமநிலை பார்க்கக் கொடுக்கிறார்கள். நானும் இரண்டு முறை கொடுத்தேன். 65 கி.மீ. வேகத்தில் தொடங்கி இருக்கைக்கு அடியில் தேனீக்கூட்டம் போல முரலும் அந்த ஓசை, இரண்டு முறையும் திரும்ப வந்தது. ஷாஃப்டில் குறையே இல்லை, கோணத்தில்தான் இருந்தது.

ஷாஃப்டின் முனையில் உள்ள, வளைந்துகொண்டே சுழலக்கூடிய யுனிவர்சல் ஜாயின்ட் ஒன்று வளைந்து வேலை செய்யும்போது, அதன் வெளிப்பக்கம் ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடி இரண்டு முறை குறைகிறது. மறுமுனையில் உள்ள ஜாயின்ட் அதே அளவு கோணத்தில் வளைந்திருந்தால்தான், முன் ஜாயின்ட் உண்டாக்கிய ஏற்றத்தாழ்வைப் பின் ஜாயின்ட் சமன் செய்யும். அதற்குக் கியர்பாக்ஸின் வெளித்தண்டும் டிஃபரென்ஷியலின் பினியன் தண்டும் (பின் அச்சுக்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு), உயரத்தில் வேறுபட்டாலும், பக்கவாட்டிலிருந்து பார்க்க ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இரண்டு கோணங்களுக்கும் இடையே ஒரு டிகிரிக்கு மேல் வேறுபாடு கூடாது. ஒவ்வொரு ஜாயின்டும் 1 முதல் 3 டிகிரி வரை வளைந்திருப்பது நல்லது. சிறிதும் வளையாமல் நேராக இருந்தால் ஜாயின்டின் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் குத்திக் குழியாக்கிவிடும் என்பதால், பூஜ்யமும் நல்லதல்ல.

அளப்பதற்குக் கார் தன் சக்கரங்களில் நிற்க வேண்டும். பாடியை ஜாக்கி வைத்துத் தூக்கினால் அச்சு தொங்கிக் கணக்கு பொய்த்துவிடும். பின்சக்கரங்களைச் சாய்தளத்தின் மேல் ஏற்றினால் எல்லாக் கோணமும் சேர்ந்தே மாறும் என்பதால் வேறுபாடு கெடாது. என் அளவில் கியர்பாக்ஸ் பின்னோக்கி 3 டிகிரி இறங்கியிருந்தது, பினியனின் மூக்கு 1 டிகிரி மட்டுமே நிமிர்ந்திருந்தது. கியர்பாக்ஸின் பின் மௌன்டிங்கின் கீழ் 14 மி.மீ. தகடு வைத்ததில் 3 என்பது ஏறத்தாழ 2 ஆனது. பின் அச்சுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் இடையே ஒரு டிகிரி ஆப்பு வைத்ததில் 1 என்பது 2 ஆனது. அன்று மாலை அதே சாலையில் 65இல் தேனீக்கள் இல்லை. புது நீளத்துக்கு ஷாஃப்டை வெட்டிப் பற்றவைத்தவர்கள், ஜாயின்டைப் பிடித்திருக்கும் இரு முனைகளின் கவைகளும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்றும் பாருங்கள். நழுவும் பல்லிணைப்பை ஒரு பல் தள்ளி மாட்டினாலே இந்தச் சமன் முழுவதும் கெட்டுவிடும்.

முன்புற அதிர்வு ஐடிலில் மட்டும் இருந்தால் மௌன்டிங் ரப்பர் மிகக் கடினமாக இருக்கிறது. கனமான எஞ்சினுக்காகச் செய்த ரப்பர், எடை குறைந்த எஞ்சினுக்குக் கல்லைப் போன்றது.

கிளட்ச் மிதித்தும் கியர் விழவில்லை

எஞ்சின் அணைந்திருக்கும்போது எல்லாக் கியரும் எளிதாக விழுந்து, ஓடும்போது ரிவர்ஸில் மட்டும் நெரிகிறது என்றால், கிளட்ச் முழுமையாக விடவில்லை. திரவத்தால் இயங்கும் கிளட்ச் என்றால் முதலில் ஏர் எடுங்கள், அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். அடுத்து, ஒரு பின்சக்கரத்தைத் தூக்கி, முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, எஞ்சின் அணைந்த நிலையில் டாப் கியர் போட்டு, ஒருவர் கிளட்ச் மிதிக்க மற்றொருவர் அந்தச் சக்கரத்தைக் கையால் திருப்பட்டும். மிதியின் அடித்தளத்துக்கு ஒரு விரல் உயரத்தில்தான் சக்கரம் விடுபடுகிறது என்றால் பயணம் போதவில்லை. மிதியோடு இணைந்த பழைய மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் திரவத்தின் அளவும், கிளட்ச் பக்கத்தில் உள்ள புது ஸ்லேவ் சிலிண்டர் கேட்கும் அளவும் ஒத்துப்போகவில்லை. சிலிண்டரின் விட்டத்தை மாற்ற வேண்டும், அல்லது மிதியின் தண்டு இணையும் இடத்தை மாற்ற வேண்டும்.

பயணம் சரியாக இருந்தும் கியர் நெரிவது தொடர்ந்தால், கிராங்க் ஷாஃப்டின் முனையில் உள்ள பைலட் பேரிங்கை நினைத்துப் பாருங்கள். முன்சக்கர இயக்கக் காரிலிருந்து எடுத்த எஞ்சினில் அந்தப் பேரிங் இருக்க வேண்டிய அவசியமே இருந்திராது. பின்சக்கர கியர்பாக்ஸின் உள்தண்டு மூக்கோ அது இல்லாமல் ஆடும். பேரிங் இல்லாவிட்டால், அல்லது அதன் உள்விட்டம் பொருந்தாவிட்டால், கிளட்ச் மிதித்த நேரத்தில் மட்டும் ஓர் ஊளைச்சத்தம் வரும். இடைத்தகடு போட்டு பெல் ஹவுசிங்கை இணைத்தவர்கள், டயல் கேஜை ஃபிளைவீலில் பொருத்திக் கையால் சுற்றி, ஹவுசிங்கின் நடுத்துளை எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு முழுச்சுற்றில் முள் 0.25 மி.மீ.க்கு மேல் ஆடினால் வழிகாட்டி ஊசிகளை மறுபடி அமைக்க வேண்டும். போல்ட்டுகள் தகட்டைப் பிடித்துக்கொள்ளும், மையத்தை அமைப்பவை ஊசிகள்தான்.

வளைவிலோ பிரேக்கிலோ ஆயில் விளக்கு மின்னுகிறது

உடனே எஞ்சினை அணையுங்கள். சென்சார் பழுதென்று சமாதானம் சொல்லிக்கொண்டு வீடு வரை ஓட்டியவர்களுக்கு பேரிங் செலவு காத்திருக்கிறது. குறுக்குச் சட்டத்துக்கு இடம் விட ஆயில் சம்ப்பை வெட்டிச் சிறியதாக்கியிருந்தால், ஆயிலின் அளவும் குறைந்திருக்கும், ஒரு பக்கம் ஒதுங்கும்போது உறிஞ்சுகுழாயின் வாய் காற்றில் நிற்கும். வெட்டிய சம்ப்பில் குழியைச் சுற்றித் தடுப்புத்தகடுகள் வையுங்கள். உறிஞ்சுகுழாயின் வாய்க்கும் சம்ப்பின் தரைக்கும் இடையே களிமண் உருண்டை ஒன்றை வைத்து, சம்ப்பை மாட்டிக் கழற்றி, நசுங்கிய உருண்டையின் தடிப்பை அளந்தால் இடைவெளி தெரிந்துவிடும். 6 முதல் 10 மி.மீ. வரை இருக்கட்டும். அளந்ததும் களிமண்ணை மறக்காமல் எடுத்துவிடுங்கள். வேறு கோணத்தில் எஞ்சின் அமர்ந்திருப்பதால் ஆயில் அளவுகோலின் பழைய கோடுகளும் இனி பொருந்தா. சரியான அளவை ஊற்றிப் புதுக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

முன்புறம் தூக்கிக்கொண்டு நிற்கிறது

எதிரே வருபவர்கள் இரவில் விளக்கை மின்னி மின்னிக் காட்டுகிறார்கள் என்றால், உங்கள் முகப்பு விளக்குகள் அவர்கள் கண்ணில் அடிக்கின்றன. எடை குறைந்ததால் முன் ஸ்பிரிங் நிமிர்ந்து, விளக்கும் சேர்ந்து நிமிர்ந்திருக்கிறது. விளக்கைத் தாழ்த்துவதோடு நிறுத்தாமல், உயரத்தையே சரி செய்ய வேண்டும். மைனரில் முன்புறம் டார்ஷன் பார் (முறுக்கப்பட்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) இருப்பதால் அதைச் சரிசெய்து பழைய உயரத்துக்கு இறக்க முடியும். அதன் பிறகு சக்கரங்களின் கோணத்தை அளக்கக் கொடுங்கள். உயரம் மாறினால் அந்த அளவுகளும் மாறியிருக்கும்.

ஈரச்சாலையில் முன்சக்கரங்கள் முன்பைவிடச் சீக்கிரம் பூட்டிக்கொள்வதும் இதே எடைக்குறைவால்தான். அதே நேரம் புது எஞ்சினின் சக்தி இந்தப் பழைய டிரம் பிரேக்குகள் கண்டறியாதது. இறக்கத்தில் இரண்டாம் முறை மிதிக்கும்போது பெடல் கடினமாகவே இருந்தும் கார் நிற்க மறுத்தால், லைனிங் சூட்டில் பிடிப்பிழந்துவிட்டது. முன்புறம் டிஸ்க் போடும் வரை வேகத்தைக் குறைப்பதைத் தவிர வழியில்லை. எஞ்சின் மாற்றிய காரைப் பதிவு அலுவலகத்துக்கும் காப்பீட்டாருக்கும் தெரிவிக்க வேண்டிய கடமை உள்ள ஊர்களில், சோதனை செய்பவர் முதலில் பார்ப்பதும் பிரேக்கைத்தான்.

எஞ்சின் அலறுகிறது, கார் நகரவில்லை

இது பழுதே அல்ல, கணக்கு. மைனரின் பின் அச்சு விகிதம் 803 சி.சி. காலத்தில் 5.375 ஆகவும், 948 சி.சி.யில் 4.55 ஆகவும், 1098 சி.சி.யில் 4.22 ஆகவும் இருந்தது. சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 1.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 740 முறை சுற்றும். நேரடி டாப் கியரில் எஞ்சின், 5.375 அச்சோடு ஏறத்தாழ 3980 சுழற்சியிலும், 4.22 அச்சோடு 3125 சுழற்சியிலும் இருக்கும். 0.8 விகித ஐந்தாம் கியர் இருந்தால் பின்னது 2500க்கு இறங்கிவிடும். ஆகவே பழைய அச்சை மாற்றாமல் எஞ்சினை மட்டும் மாற்றியவர், முதல் கியரைத் தொட்டதும் இரண்டாவதுக்குப் போக வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொள்வதில் வியப்பில்லை.

அச்சையும் கியர்பாக்ஸையும் மாற்றியதும் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லத் தொடங்கும். கைப்பேசியின் ஜிபிஎஸ் காட்டும் வேகத்தோடு 40, 60, 80 என மூன்று இடங்களில் ஒப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்றிலும் பிழை ஒரே விகிதத்தில் இருந்தால், கேபிளின் இடையே வைக்கும் சிறு பல்சக்கரப் பெட்டியால் சரியாகிவிடும். விகிதம் இடத்துக்கு இடம் மாறினால் மீட்டரே சோர்ந்துவிட்டது, அதைத் தனியே பழுது பார்க்கக் கொடுக்க வேண்டும்.